நான் பயப்படாத இடம்

மார்ச் 3, செவ்வாய்

பாதி வழியில் காரைத் திருப்பச் சொன்னேன். கேஸை மூடினேனா என்று நினைவில்லை. இவர் மறுபேச்சில்லாமல் திருப்பினார். மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கிறது. "ஒரு நாளாவது திறந்து வெச்சுட்டு வாயேன், திரும்பி வந்ததுக்கு ஒரு மரியாதை இருக்கும்" என்றார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் இவர். எத்தனையோ பேர் இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரை நோக்கிப் போயிருக்கிறார்கள். இன்றுவரை யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரின் பெண்டாட்டிக்கு மட்டும் ஓட்டத் தெரியாது. இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் கிளம்புவதற்கு முன்பே இறங்கிவிட்டேன்.

எனக்கு எதற்குத்தான் பயம் இல்லை? லிஃப்ட். நாய். தெரியாத எண்ணிலிருந்து வரும் போன். வெளியூரில் தனியாக இருந்து வேலை பார்க்கும் எங்கள் பாப்பா போன் எடுக்காத அரை மணி நேரம்.

அலுவலகத்தில் புதுப் படங்கள் வந்திருந்தன. கடலை இவ்வளவு தெளிவாக இதுவரை தெரிந்ததில்லை. கடலை என்பது நாங்கள் வைத்த செல்லப்பெயர். சூரியனைச் சுற்றும் ஒரு சின்னஞ்சிறு சிறுகோள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தால் மூச்சுகூட வாங்காது, அவ்வளவுதான் நீளம். இரண்டு பக்கமும் உப்பி, நடுவில் ஒடுங்கி, அச்சாக உரிக்காத நிலக்கடலை. எங்கள் விண்கலம் (அதை எல்லோரும் வண்டி என்றுதான் சொல்வோம்) அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மே மாதம் அது கீழே இறங்கி, கையை நீட்டித் தொட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். எங்கே தொடலாம் என்று தெரிவதற்காக மேடு பள்ளங்களை வரைந்து கொடுப்பது என் வேலை.

"நாள் முழுக்க உக்காந்து கடலை போடுறதுக்குச் சம்பளம் வேற" என்பார் இவர்.

மார்ச் 5, வியாழன்

கேஸ் மூடியிருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

இன்று வீட்டில் ஒரே சிரிப்பு. இவர் காரை உள்ளே கொண்டுவரும்போது வலப்பக்கக் கண்ணாடியைக் கேட்டில் இடித்துவிட்டார். கண்ணாடி தொங்குகிறது. இத்தனை வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. "வாத்தியாரே ஃபெயிலு" என்று நான் கத்தினேன். அவரும் சிரித்தார். "கேட்டு நகர்ந்துருச்சு" என்றார். பாப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "அப்பாவுக்கு எல் போர்டு வாங்கிக் குடு" என்று பதில் போட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

கழுத்தில் ஒரு கோடு.

கடலையின் கழுத்துதான் வண்டி தொடப்போகும் இடம். மற்ற இடமெல்லாம் வீடு அளவுக்குப் பாறை. கழுத்து மட்டும் சலித்துக் கொட்டியதுபோல் வழவழவென்று இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் உதிரும் பொடி, சரிந்து சரிந்து அங்கேதான் வந்து தங்கும். கலத்தை இறக்குகிறவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? முதல் நாளே எல்லோரும் அந்த இடத்தைக் காட்டி "இதுதான்" என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

இன்று வந்த படத்தில் அந்த வழவழப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. முடி விழுந்ததுபோல். திரையைத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

பிளவா? படியா? அங்கே பாதி நிலம் உள்வாங்கியிருக்கிறதா? கை அதன்மேல் இறங்கி ஒரு பக்கம் மாட்டிக்கொண்டால் வண்டி கவிழும். கவிழ்ந்தால் தூக்கிவிட அங்கே யார் இருக்கிறார்கள்?

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

ஏன் சொல்லவில்லை என்பதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

காற்றில்லாத இடத்தில் நிழல் கருங்கறுப்பாக விழும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான் அந்த நிழல் மேட்டினுடையதா பள்ளத்தினுடையதா என்று சொல்ல முடியும். நம் கண்ணோ, வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று தானாக நினைத்துக்கொள்ளும். படத்தைத் தலைகீழாக வைத்தால் பாறையெல்லாம் பள்ளமாகத் தெரியும், பள்ளமெல்லாம் பாறையாகத் தெரியும். அதனால் எங்கள் அறையில் ஒரு சட்டம் உண்டு: எந்தப் படமானாலும் வெளிச்சம் மேலே இடப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

போன ஜனவரியில் முதல் ஒத்திகை. நான் ஒரு படத்தைத் திருப்பாமல் பார்த்துவிட்டேன். வண்டி இறங்கும் பாதையில் ஒரு பெரும் பள்ளம்! கத்தி ஊரைக் கூட்டினேன். ஒத்திகை நின்றது. வண்டிக்குக் கட்டளை எழுதுகிற தம்பி அந்தப் படத்தை எடுத்து, மேசைமேல் சுற்றி வைத்தான். பள்ளம் மெல்லப் புடைத்துக்கொண்டு ஒரு அப்பாவிப் பாறையாக என்னைப் பார்த்தது.

அன்றிலிருந்து என் பெயர் பள்ளம். "பள்ளம் வருது, பாத்து நடங்கப்பா." "பள்ளத்துக்கு ஒரு டீ." கோபம் வரவில்லை, பிரியமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் தலைவி, நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுபவர், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது மட்டும் இன்னும் உறுத்துகிறது. "அடுத்த தடவை பயமா, நிஜமான்னு உன்னையே ஒரு தடவை கேட்டுக்கோம்மா."

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதானே இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

பாப்பா போன் செய்தாள். அவள் சாப்பிட்டதை, பூட்டியதை, தூங்குவதை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, பாவம், என்னைச் சமாதானப்படுத்துவதற்காக வேலையைப் பற்றிக் கேட்டாள்.

"ஏம்மா, அது ஏன் உருண்டையா இல்ல? மத்ததெல்லாம் உருண்டையாத்தானே இருக்கு?"

பெரிய உலகங்கள் தங்கள் எடையாலேயே எல்லாவற்றையும் உள்ளே இழுத்து உருட்டிக்கொள்ளும். சின்னதற்கு அந்தத் தெம்பு கிடையாது. உடைந்தபோது எப்படியோ அப்படியே கிடக்கும். தேய்த்து வழவழப்பாக்கக் காற்று இல்லை, மழை இல்லை. வந்து மோதியதன் தழும்பெல்லாம் அப்படியே இருக்கும். எங்கள் கடலை என்பது உண்மையில் இரண்டு குவியல்கள். ஆள் நடக்கிற வேகத்தில் வந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டவை. வெயில் பட்டு வெடிக்கிறது, குளிரில் வெடிக்கிறது. வெயில் தள்ளுகிற தள்ளில் அதன் சுழற்சியே கொஞ்சம் கொஞ்சமாக மாறும். சுழற்சி மாறினால் கல்லெல்லாம் இடம் பெயரும்.

"அது ஒரு கல்லே இல்ல பாப்பா. வெறும் கற்குவியல்."

"அப்ப எதும்மா அதைப் பிடிச்சு வெச்சிருக்கு?"

"ஏறக்குறைய ஒண்ணும் இல்ல."

போனை வைத்துவிட்டுப் போய் கேஸைப் பார்த்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டில் செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வெளியே கட்டட வேலைக்குக் கொட்டிய மணலைச் சலித்துத் தட்டில் பரப்பினேன். ஒரு தட்டில் கத்தியால் பிளவு. இன்னொன்றில் அட்டையை அழுத்தி ஒரு படி. மூன்றாவதில் வெறுமனே ஒரு நீளக் கல். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இவரை மேசை விளக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். எது படத்திலிருக்கிற கோடு மாதிரி வருகிறது?

"இன்னும் தாழ்த்துங்க. இன்னும். வலப்பக்கம் கொண்டு போங்க." கொண்டுபோனவர் விளக்கை அலமாரிக் கதவில் நங்கென்று இடித்தார். அலமாரி பதினெட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைப்பதாக நினைத்து, மேசைக்கு வெளியே வைத்தார். தண்ணீர் முழுக்க என் பிளவில். எனக்கு வந்ததே கோபம்!

"கண்ணைப் பிடரியிலயா வெச்சிருக்கீங்க?"

"மன்னிச்சுக்கோ தாயே" என்று துணி எடுத்துவந்து துடைத்தார். துடைக்கும்போதும் ஒரு மூலையை விட்டுவிட்டார்.

படிதான் நெருங்கி வருகிறது. பிளவும் வருகிறது. கல் வரவில்லை. அப்படியானால் நிஜம்தான். அப்படித்தானே? இல்லை, வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பார்க்கிறேனா?

மார்ச் 17, செவ்வாய்

சொல்லித்தான் ஆக வேண்டும். வியாழக்கிழமை கூட்டம். கழுத்து என்று முடிவாகிவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

ஆனால் பெரியக்காவிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு இடம் வேண்டாம் என்று சொல்கிறவர், வேறு எந்த இடம் வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அதற்கு அவரே பொறுப்பு. "வேணாம்னு சொல்ல வாய் போதும். வேணும்னு சொல்லத்தான் தைரியம் வேணும்" என்பார். நல்ல வழக்கம்தான். என்னைப் போன்றவளுக்குத்தான் தூக்குக் கயிறு.

கழுத்து வேண்டாம் என்றால் மிச்சம் ஒன்றுதான் உண்டு. பெரிய குவியலின் மேல்புறம், நாங்கள் தோள் என்கிற இடம். அதைச் சரி என்று நான் சொல்ல வேண்டும். நான்! வீட்டுப் பூட்டையே மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற நான்!

அந்தத் தம்பி இந்த வண்டியோடு சேர்ந்தபோது அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது அவன் பெண் பள்ளிக்கூடம் போகிறாள். அவ்வளவு பேருடைய அவ்வளவு வருடம். என்னால போச்சுன்னா? சொல்லாம விட்டும் போச்சுன்னா? ஐயோ, ரெண்டு பக்கமும் இடிக்குதே, நான் எங்க போவேன்.

சோறு இறங்கவில்லை. இவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். "வியாழக்கிழமை நீ சொல்லலைன்னா நான் வந்து சொல்லுவேன். எனக்கு அந்தக் கடலையோட தலை எது கால் எதுன்னுகூடத் தெரியாது. பரவாயில்லையா?" என்றார். சிரித்துவிட்டேன். இவர் மட்டும் இப்படிப் பாறையாக இல்லையென்றால் நான் என்ன ஆவேன்?

மார்ச் 19, வியாழன்

சொல்லிவிட்டேன்.

எழுந்தபோதே யாரோ "பள்ளம் எழுந்துருச்சு" என்றார்கள். படத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி, வெளிச்சத்தை மேலே இடப்பக்கம் திருப்பி வைத்தேன். அப்புறம்தான் பேசினேன்.

தம்பி படத்தை எடுத்து நாலு பக்கமும் சுற்றினான். சுற்றி முடித்து, "அக்கா, இது எனக்கும் பிடிக்கல" என்றான்.

பெரியக்கா கேட்டார்: "பயமா, நிஜமா?"

"தெரியலைக்கா. ஆனா நீங்க அங்க இறக்கினா நான் அந்த ரூம்ல இருக்க மாட்டேன்."

பெரியக்கா படத்தை ஓரமாக நகர்த்தினார். "சரி. எங்க வேணும்?" என்றார்.

"தோள்."

கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, இன்னொரு பேனா வாங்கிப் போட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

தோளை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறேன். ஆச்சரியம், பயமே வரவில்லை. பெரிய பெரிய கற்கள். சர்க்கரை டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தால் பொடி கீழே போகும், கட்டிகள் மேலே வரும், அதே கதைதான். மோதல் ஒவ்வொன்றும் கடலையை ஒரு உலுக்கு உலுக்கும். ஒவ்வொரு உலுக்கலுக்கும் கட்டிகள் மேலே. அந்தக் கற்களுக்கு நடுவே ஒரு முற்றம் அளவுக்குக் காலி இடம். சின்னச் சரளைதான். கையை நீட்ட அது போதும்.

இவ்வளவு பெரிய பாறைகளைச் சுமந்துகொண்டு நிற்கிற இடம் உறுதியாகத்தானே இருக்க வேண்டும்? கோடு இல்லை, நிழல் இல்லை, சந்தேகம் இல்லை. பார்க்கப் பார்க்க மனது அடங்குகிறது.

ஏப்ரல் 2, வியாழன்

நன்றாகத் தூங்கினேன். எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 6, திங்கள்

பாப்பாவுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்கிறாள். காலையிலிருந்து ஏழெட்டு முறை பேசிவிட்டேன். கிளம்பிப் போய்விடலாமா என்றால் "வந்தா காய்ச்சல் அதிகமாகும்" என்கிறாள், கழுதை.

இவர் மாலை வகுப்பை எல்லாம் நிறுத்திவிட்டார். எதிர்வெயில் கண்ணில் குத்துகிறதாம். நல்லதுதான், சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். இன்று என்னைக் கூப்பிட வந்தபோது, ஓட்டிக்கொண்டு வந்தது இவரிடம் படிக்கிற பெண். இவர் பக்கத்தில். "பாடம்தானே, வீட்டு வழியிலயே நடக்கட்டும்" என்றார். நான் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் நன்றாகத்தான் ஓட்டினாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஒத்திகை முடிந்தது. வண்டி தோளுக்கு நேர்மேலே வந்து, பார்த்து, திரும்பிவிட்டது. என் மேடு பள்ளப் படமும் அது கண்ணால் கண்டதும் ஒன்றுக்கொன்று பொருந்தின. கைதட்டினார்கள். தம்பி எனக்கு டீ வாங்கி வந்தான். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

மே 4, திங்கள்

நாளை. பயம்தான். தோளைப் பற்றி அல்ல. எரிபொருள் குழாய், கேமரா, சிக்னல், கையின் மூட்டு, எல்லாவற்றையும் பற்றி. தோளைப் பற்றி மட்டும் இல்லை.

மே 5, செவ்வாய்

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

அங்கே நடப்பது இங்கே தெரியக் கால் மணி நேரம் ஆகும். வண்டி தானாகவே எல்லாம் செய்யும். நாங்கள் நடந்து முடிந்த ஒன்றை "நடக்கிறது, நடக்கிறது" என்று பார்த்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். மதியம் எல்லோரும் அறையில். யாரும் சாப்பிடவில்லை. தம்பி எண்களைப் படித்துக்கொண்டிருந்தான். இருபது மீட்டர். பத்து. ஐந்து. தொட்டுவிட்டது.

தொட்டதும் நிற்க வேண்டும். கை ஒரு அழுத்து அழுத்தும், நிலம் தாங்கும், வண்டி பின்வாங்கும். அதுதான் கணக்கு.

நிற்கவில்லை.

தம்பி படித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். திரையில் எண் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே. "என்னது?" என்றார் யாரோ. "உள்ள போகுது." கை முழுக்க உள்ளே. நிலம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. தண்ணீரில் இறங்குவதுபோல் இறங்குகிறது. அடுத்தது வண்டியின் உடம்பு. அதுவும் புதைந்தால் அவ்வளவுதான்.

நான் போட்ட கையெழுத்து. நான் காட்டிய இடம். கடவுளே கடவுளே கடவுளே. அதைத் தவிர மனதில் ஒரு சொல் இல்லை. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்புறம் வண்டியைப் பின்னுக்குத் தள்ளும் எஞ்சின் எரியத் தொடங்கியது. எண் நின்றது. ஏறியது. பூஜ்யம். இரண்டு. ஏழு. தம்பி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டான். வண்டி வெளியே வந்துவிட்டது. கை நிறைய மண்ணோடு.

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மே 7, வியாழன்

படங்கள் வந்துவிட்டன. வண்டி தொட்ட இடத்தில், ஒரு வீடு உள்ளே போகும் அளவுக்குக் குழி. சும்மா தொட்டதற்கு! அந்தப் பெரிய பாறைகள் எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. அங்கே எதற்கும் எடையே இல்லை. நான் அங்கே போய் நின்றால் என் எடை ஒரு ரூபாய் நாணயத்துக்குத்தான் சமம். அழுத்தினால்தானே இறுகும்? அழுத்த ஒன்றுமில்லாத இடத்தில் கல்லின்மேல் கல் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது, நடுவே வெறும் வெற்றிடம். நானே பாப்பாவிடம் சொன்னேனே, கற்குவியல் என்று, பிடித்து வைக்க ஒன்றுமில்லை என்று. சொன்ன வாய் என்னுடையது. கேட்காத காதும் என்னுடையதுதான்.

கழுத்திலிருக்கிற கோடு? திரும்பும் வழியில் வண்டி அதையும் பக்கத்தில் பார்த்தது. ஒரு படி. வாசற்படி உயரம். அங்கே இறங்கியிருந்தால் தட்டியிருக்குமா, தட்டியிருக்காதா? "ரெண்டு பக்கமும் பேசலாம்க்கா" என்கிறான் தம்பி. எனக்குக் கிடைத்த தீர்ப்பு இவ்வளவுதான்.

பெரியக்காவின் அறைக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அந்தக் குழியின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ பயந்த இடத்தை எல்லாம் நாங்க நூறு தடவை பாத்தோம். இந்த இடத்தை யாருமே பாக்கல. ஏன் தெரியுமா? நீயே பயப்படலையேன்னு நாங்க விட்டுட்டோம்."

படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இனிமே வந்து எதுக்குப் பயப்படுறேன்னு சொல்லாத. எதுக்குப் பயப்படலைன்னு சொல்லு. அங்க போய்ப் பாப்போம்."

மே 10, ஞாயிறு

காலையில் இவர் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி பார்ப்பதுபோல். இப்படி எப்போதிலிருந்து படிக்கிறார்?

பெரியக்கா சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. எதுக்குப் பயப்படலை? யோசித்துப் பார்த்தேன். பாப்பாவுக்குப் பயப்படுகிறேன். வீட்டுக்கு, வேலைக்கு, கேஸுக்கு, நாய்க்கு. உலகத்தில் நான் பயப்படாத ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

கேட்டு. அலமாரி. டம்ளர். துடைக்காமல் விட்ட மூலை. மாலை வகுப்பு. அந்தப் பெண் ஓட்டிக்கொண்டு வந்த கார். இடித்ததெல்லாம் வலப்பக்கம். ஒவ்வொன்றாக எழுந்து வந்து முன்னால் நின்றன. நான் சிரித்தேனே. படம் எடுத்து அனுப்பினேனே. கண்ணைப் பிடரியிலா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேனே, பாவி!

மெல்ல எழுந்து அவருடைய வலப்பக்கம் போய் நின்றேன். கையை நீட்டினேன். காதுக்கு நேரே, கன்னத்துக்கு நேரே. விரலை ஆட்டினேன். பேப்பரைப் புரட்டினார். இன்னும் முன்னால் கொண்டுபோனேன். இன்னும். மூக்குக்குக் கிட்டத்தட்ட நேரே வந்த பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஏய், எப்ப வந்த?"

"எத்தனை நாளா?" என்றேன்.

பேப்பரை மடித்தார். மடித்ததையே இன்னொரு முறை மடித்தார். கேட்டை இடித்ததற்கு ரொம்ப முன்னாலிருந்தே என்றார். வயசாகிறது, கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று நினைத்தாராம். அப்புறம் அப்படி நினைக்க முடியவில்லையாம்.

"ஏன் சொல்லலை?"

"நீ ஏற்கெனவே எல்லாத்தையும் தூக்கிட்டு நிக்கிற. இதையும் உன் தலையில வைக்கணுமா?"

"என் தலையில வைக்காம யார் தலையில வெப்பீங்க? ரோட்டுல போற புள்ளைங்க தலையிலயா?" கத்திவிட்டேன். அவர் கையில் பேப்பர் உள்ளங்கை அளவுக்கு மடிந்துபோயிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இவருக்கும் பயமாக இருந்திருக்கிறது. இத்தனை நாளும் தனியாக. "ஓட்டாம நான் என்ன பண்ணுவேன்னு தெரியலடி" என்றார். இவர் என்னை டி போட்டுப் பேசி வருடக்கணக்காகிறது.

மே 12, செவ்வாய்

கண் மருத்துவமனை. இவரிடம் படிக்கிற அந்தப் பெண்தான் காரை ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போனாள். லிஃப்டில்தான் போனேன், கவனிக்கவே இல்லை.

கண்ணுக்குள் அழுத்தம். ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வருமாம், வலிக்காதாம், அதனால்தான் தெரியாதாம். வலது கண்ணில் போனது போனதுதான், திரும்பாது. இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. சொட்டு மருந்து விட்டு வந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா..." என்று டாக்டர் தொடங்கினார். முடிக்க வேண்டாம் என்றேன்.

இனி ஓட்டக் கூடாது. அவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். வெளியே வந்து சாவியை என் கைப்பையில் போட்டார். காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தோம்.

மே 13, புதன்

ஒவ்வொரு வேளையும் சொட்டு விடுவது நான்தான். அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். கை நடுங்காமல் விடுகிறேன்.

மே 29, வெள்ளி

தோள் குழியின் கணக்கை முடித்துக் கொடுத்தேன். கூட்டத்தில் பெரியக்கா எல்லோரையும் சுற்றிக் கேட்கிறார்: "யாருக்கு எது மேல பயம் இல்ல?" முதலில் சிரித்தார்கள். இப்போது யோசித்துச் சொல்கிறார்கள். பள்ளம் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

இன்று நான் ஓட்டினேன். இவர் பக்கத்தில்.

ஆளில்லாத தெருவில் ஓட்டிப் பழகி, இன்றுதான் முதல்முறை பெரிய சாலை. லாரிகள் எல்லாம் என்னைத்தான் தேடி வந்ததுபோல் வந்தன. உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பயம் குறையும் என்று சொன்னார்களே, குறையவே இல்லை. இவர் அதே குரலில், எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே குரலில், "கண்ணாடி பாரு... விடு, அவன் போகட்டும்... இப்ப மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு திருப்பத்தில் நிறுத்தினேன்.

"வலப்பக்கம் ஏதாவது வருதா?" என்றார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். ஆனால் இந்த முறை பதில் அவருக்குத் தெரியாது.

நன்றாகத் திரும்பி, அவருக்கும் சேர்த்துப் பார்த்தேன். "ஒண்ணும் வரலைங்க" என்றேன்.

"அப்ப போ."

போனேன். பாதி வழியில் கேஸை மூடினேனா என்ற நினைவு வந்தது. காரைத் திருப்ப எனக்கு இன்னும் தெரியாது. நேராகவே போனேன்.